முகப்புப் பக்கத்தில் இல்லாதவர்கள்

1812ஆம் ஆண்டு சென்னையில் திருக்குறள் மூலம் முதன்முதலாக அச்சேறியது. அதன் முகப்புப் பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒரு செய்தியைக் கவனித்திருக்கலாம். சுவடியைப் பிழையறப் பரிசோதித்தவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர். அச்சிற் பதித்தவர் தஞ்சை ஞானப்பிரகாசன். அந்த ஞானப்பிரகாசன் யார் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அவர் மலையப்ப பிள்ளையின் குமாரன் என்பதும் அச்சிடப்பட்டிருக்கிறது. அச்சான இடம் மாசத் தினசரிதை அச்சுக்கூடம். பாடம் பார்த்தவர், பதித்தவர், பதித்தவரைப் பெற்ற தகப்பன், அச்சுக்கூடம் என்று எல்லாம் இருக்கின்றன. பதித்தவரைப் பெற்ற தாய் இல்லை. இருநூறு ஆண்டுகள் கழித்தும் நம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் தலைப்பெழுத்தின் பழைய வடிவம் அது.

இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ் அச்சு வரலாறு என்று நாம் பாடம் நடத்துவது பெரும்பாலும் இந்த முகப்புப் பக்கங்களிலிருந்து கட்டியெழுப்பிய வரலாறுதான். ஒரு நூல் எப்போது வந்தது, எங்கே வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதற்கு அந்த ஒரு பக்கமே முதற் சான்று. அந்தப் பக்கம் யாரைச் சொல்கிறதோ அவர்கள் வரலாற்றுக்குள் வருகிறார்கள். அது சொல்லாமல் விட்டவர்களைத் தேடுவதற்கு நமக்குப் பழக்கமே இல்லாமற் போய்விட்டது. பெண்களுக்கு அச்சு என்ன செய்தது என்று கேட்கும்போது, எத்தனை பெண்கள் எழுதினார்கள், எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணிக் காட்டுவது வழக்கம். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. முகப்புப் பக்கம் என்ற இந்தச் சின்ன இடத்தை யார் நிரப்பினார்கள், எதைக் கொண்டு நிரப்பினார்கள்?

வகுப்பில் மாணவிகளிடம் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நூலகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் முகப்புப் பக்கங்களைப் படியெடுத்து வந்து, அவற்றிலுள்ள வினைச்சொற்களை மட்டும் எழுத வேண்டும். இயற்றப்பட்டது, பார்வையிடப்பட்டது, பரிசோதிக்கப்பட்டது, பொருளுதவி செய்யப்பட்டது, பதிப்பிக்கப்பட்டது. எல்லாம் செய்யப்பாட்டு வினை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ஆல்’ என்ற உருபு ஏற்ற ஓர் ஆண் பெயர். அடுத்து, ஒரு புத்தகம் கைக்கு வருவதற்கு நடந்தாக வேண்டிய வேலைகளையெல்லாம் அவர்களே எழுத வேண்டும். எழுத்துக் கோர்க்க வேண்டும், மை தடவ வேண்டும், தாளை நனைத்து அழுத்த வேண்டும், காயவைக்க வேண்டும், மடிக்க வேண்டும், அடுக்க வேண்டும், தைக்க வேண்டும். இந்த இரண்டாம் பட்டியலில் இருக்கும் வினை ஒன்றுகூட முதற்பட்டியலில் இல்லை. அப்போதுதான் வகுப்பில் பேச்சு தொடங்கும்.

பெயரும் தண்டனையும்

ஓலைச்சுவடிக்கு முகப்புப் பக்கம் கிடையாது. காப்பும் கடவுள் வாழ்த்தும் இருக்கும், பாடல் தொடங்கிவிடும். எழுதியவன் பேச வருவது கடைசி ஏட்டில்தான். இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் பிரதி செய்து முடித்தது என்று சொல்லி, பிழையிருந்தால் பொறுக்கும்படி கேட்டுக்கொள்வான். ஏடெழுதியவனின் கை வலித்தது அந்த ஓரிடத்தில் தெரியும். அச்சு வந்தபின் அந்தக் கடைசி ஏடு போயிற்று. பெயர் முன்னால் வந்தது. கையால் வேலை செய்தவன் பின்னாலேயே நின்றுவிட்டான்.

தொடக்கத்திலேயே அப்படி இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறு பக்கம் கொண்ட சின்னஞ்சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில், இந்திய மண்ணில் அச்சாகி இன்று நமக்குக் கிடைப்பவற்றில் இதுவே பழையது. என்றீக்கே என்றீக்கசு என்ற சேசு சபைப் பாதிரியார் போர்த்துக்கீசியத்திலிருந்து ஆக்கியது. முத்துக்குளித்துறைப் பரவர்களுக்காக அச்சிட்டது. அந்த நூலின் இறுதிப் பக்கத்தில் இரண்டு வகைத் தமிழ் எழுத்துகள் வரிசையாகக் காட்டப்பட்டிருக்கின்றன. ஒரு வகை 1577இல் கோவாவில் வார்த்தது, மற்றது 1578இல் கொல்லத்தில் வார்த்தது. எழுத்தை உருக்கி வார்த்த வேலைக்கு அச்சேறிய பக்கத்திலேயே ஓர் இடம் இருந்திருக்கிறது. தொழில் புதிதாக இருந்தபோது அதைச் செய்தது ஒரு வியப்பு. தொழில் பழகியபின் அது வெறும் கூலி வேலையாகிவிட்டது. கூலி வேலைக்குப் பக்கத்தில் இடம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

தரங்கம்பாடிக்கு 1712இல் அச்சுப்பொறி வந்தது; அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அந்த எழுத்துகள் பருமனாக இருந்து தாளைத் தின்றதால், சீகன்பால்கும் அவருடைய கூட்டாளிகளும் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். பக்கத்திலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறையும் நிறுவினார்கள். சீகன்பால்கு 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் என்பதும் வரலாறு. அந்தப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த பெண்கள் யாரும் பெயராக நம்மிடம் வந்து சேரவில்லை. பெண்ணுக்கு அச்சு முதலில் கொடுத்தது வாசகி என்ற இடத்தை. அந்த இடத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை.

முகப்புப் பக்கத்தின் பெயர்கள் வெறும் பெருமைக்காக இட்டவை அல்ல. 1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டத்துக்குப் பிறகே சுதேசிகள் தடையில்லாமல் அச்சுக்கூடம் வைத்து நடத்த முடிந்தது. 1867இல் வந்த அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் வெளியிட்டவர் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எழுதியவரின் பெயரைப் புத்தகத்தில் போட வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. அரசுக்கு வேண்டியது கவிஞர் யார் என்பதல்ல. வழக்கு வந்தால் யாரைப் பிடிப்பது என்பது. ஆகவே அச்சில் ஒரு பெயர் வருவது என்பது புகழுக்கும் பொறுப்பு, தண்டனைக்கும் பொறுப்பு. இந்த இரண்டையும் சேர்த்தே பார்த்தால்தான் பெண்கள் ஏன் அந்தப் பக்கத்தில் குறைவு, வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கும்.

பலருக்கு ஒரு பெயர், ஒருத்திக்கு வேறு பெயர்

சென்னை பார்க் டவுனில் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பதிப்புகளை எடுத்துக்கொள்வோம். ‘பெரிய எழுத்து’ என்று தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை, நல்லதங்காள் கதை. கண் மங்கியவர்களும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் விளக்கு வெளிச்சத்தில் படிப்பதற்கு வசதியான எழுத்து அது. ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். படிக்கத் தெரியாத பெண்ணும் கேட்டே மனப்பாடம் செய்துவிடக்கூடிய நூல்கள். தமிழ்ப் பெண்கள் அச்சோடு முதலில் நெருங்கிப் பழகியது இந்தப் புத்தகங்கள் வழியாகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இவற்றின் முகப்பைப் பாருங்கள். அல்லிக்கும் பவளக்கொடிக்கும் ஆசிரியர் புகழேந்திப் புலவர் என்றிருக்கும். நளவெண்பா பாடிய இடைக்காலப் புலவர் அவர். இந்த அம்மானைகளின் பேச்சு நடைக்கும் அவருடைய வெண்பாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் காலத்துத் தமிழும் இது இல்லை. ஊர் ஊராகப் பாடப்பட்டும் கேட்கப்பட்டும் வளர்ந்த கதைப்பாடல்கள் அச்சுக்கு வந்தபோது, அவற்றுக்கு ஒரு ஆசிரியர் தேவைப்பட்டார். பெயர் இல்லாத பண்டம் கடையில் விலை போகாது. ஆகவே பெயர் பெற்ற ஓர் ஆண் புலவரை அழைத்து உட்காரவைத்தார்கள். மதுரையை ஆண்டு, ஆண் வாடையே வேண்டாம் என்று இருந்த அல்லி, அவள் உறங்கும் நேரம் பார்த்துத் தாலி கட்டிவிட்டுப் போகும் அர்ச்சுனன், அந்த அக்கிரமத்தைப் பொறுக்காமல் அவள் படை திரட்டிப் புறப்படும் கோபம் ஆகியவற்றை எத்தனையோ வாய்கள் பாடிப் பெருக்கியிருக்கும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழும் நல்லதங்காளுக்காக எத்தனையோ பெண்கள் அழுதிருப்பார்கள். அந்த அழுகை பாட்டுக்குள் ஏறியிருக்கும். அதில் எந்த அடி எந்தப் பெண்ணுடையது என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முகப்பில் போட்ட பெயர் அவளுடையது அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதற்கு நேர் எதிராக ஔவைக்கு நடந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் ஐம்பத்தொன்பது பாடல்கள் ஔவையார் பெயரில் இருக்கின்றன. அதியமானோடு கள்ளருந்திய, தூது போன, காதலின் வேகத்தை ஊரறியக் கத்த நினைத்த கவிஞர் அவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் செய்தவர் பல நூற்றாண்டுக்குப் பிந்திய இன்னொருவர். ஞானக்குறள் போன்ற நூல்கள் வேறொருவருடையவை. ஆய்வாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஔவையர் உண்டென்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் திண்ணைப் பள்ளிக்கும் பிறகு பாடசாலைக்கும் அச்சிட்டுக் குவித்த சிறு நூல்களில் ஒரே ஔவைதான். நரைத்த தலை, கையில் கோல், நெற்றியில் நீறு. வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த பெண்களை ஒரே கிழவியாக்கிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல உட்காரவைத்தது வாய்மொழி மரபின் வேலை என்றால், அந்த உருவத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது அச்சின் வேலை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பலர் பாடிய பாட்டுக்கு ஓர் ஆணின் பெயர். பல பெண்களுக்கு ஒரே பெயர். முதலாவதில் பெண் குரல் ஆணுக்குள் கரைந்தது. இரண்டாவதில் ஒருத்திக்குள் இன்னொருத்தி கரைந்தாள். எந்தத் தனிமனிதரின் சூழ்ச்சியும் இதில் இல்லை. வியாபாரம், பள்ளிக்கூடம், பழக்கம் என்பவை சேர்ந்து செய்ததுதான். அதனால்தான் இதைத் திருத்துவது கடினமாக இருக்கிறது.

விடுபட்ட முன்னுரை

பெயரைத் துணிந்து அச்சில் போட்ட ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைத் தெலுங்கிலிருந்து சொல்ல வேண்டும். தெலுங்கு நூல்தான், ஆனால் எழுதப்பட்டது தஞ்சாவூரில், அச்சானது சென்னையில்.

பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த முத்துப்பழனி ‘ராதிகா சாந்தவனம்’ என்ற காவியத்தை இயற்றினார். ராதையின் வேட்கையையும் பிணக்கையும் ராதையின் பக்கம் நின்று பேசும் நூல். அவைக்களத்துக் காவியம் செய்பவர்கள் தொடக்கத்தில் தம் குலவரலாறு சொல்வது மரபு. முத்துப்பழனி தன்னைப் பற்றிக் கூசாமல் பேசினார். தன் புலமையின் மரபை, கவிஞராகவும் கலைஞராகவும் விளங்கிய தன் பாட்டி முதலான பெண்கள் வழியாகவே சொன்னார். மலையப்ப பிள்ளை குமாரன் என்பது போன்ற ஒரு முகப்பு, ஆனால் பெண்வழியில் எழுதியது.

1887இல் இந்த நூல் அச்சேறியபோது அந்த முன்னுரைப் பகுதி இல்லை. சில பாடல்களும் இல்லை. பாடல்களை விட்டதற்கு ஒழுக்கத்தைக் காரணமாகச் சொல்லலாம். முன்னுரையில் என்ன ஒழுக்கக் கேடு இருந்தது? ஒரு பெண் தன்னை யாரென்று சொன்னது மட்டும்தான் இருந்தது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த அச்சுப் பிரதியையும் பழைய சுவடியையும் ஒப்புநோக்கி விடுபட்டதைக் கண்டார். தேவதாசி மரபில் வந்த பெரும் பாடகி. சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றவர். 1910இல் முழு நூலையும் தாமே பதிப்பித்து வாவிள்ள நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். இயற்றியவர் பெண், பதிப்பாசிரியரும் பெண் என்று ஒரு நூல் சென்னையில் விற்பனைக்கு வந்தது. கந்துகூரி வீரேசலிங்கம் முதலான சீர்திருத்தக்காரர்கள் முத்துப்பழனியை ஏற்கெனவே இகழ்ந்திருந்தார்கள். பெண் நாணமில்லாமல் எழுதினாள் என்பது குற்றச்சாட்டு. நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆண் புலவர்கள் இதைவிட வெளிப்படையாகப் பாடியதை ஏன் கேட்கவில்லை என்பது நாகரத்தினம்மாளின் பதிற்கேள்வி. நூல் ஆபாசம் என்று தடைக்குள்ளாயிற்று; பிரதிகள் கைப்பற்றப்பட்டன. 1947இல், பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. 1952இல் மறுபதிப்பு வந்தது. நாகரத்தினம்மாள் காலமானதும் அந்த ஆண்டில்தான்.

இந்த வரலாற்றைக் கருத்துச் சுதந்திரத்தின் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது பதிப்புக் கலையின் கதை. ஒரு நூலிலிருந்து எதை வெட்டினால் அது யாருடையது என்பது மறையும் என்று 1887ஆம் ஆண்டுப் பதிப்பு காட்டிக்கொடுத்தது. எதைத் திரும்ப ஒட்டினால் ஆபத்து வரும் என்று 1910ஆம் ஆண்டுப் பதிப்பு காட்டியது. பெண்ணின் பெயர் பக்கத்தில் இல்லாதபோது நூல் சாதுவாகக் கிடந்தது. பெயரோடும் பாட்டியோடும் வந்ததும் போலீஸ் வந்தது. 2002இல் குட்டி ரேவதி தம் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டபோது, உள்ளே இருப்பதைப் படிக்காதவர்களும் அட்டையைப் பார்த்தே வசைபாடினார்கள். முகப்பில் பெண் தன் பெயரையும் தன் சொல்லையும் சேர்த்துப் போடுவது எளிய செயலாக இன்னும் ஆகவில்லை.

மடித்த கைகள்

எழுதிய பெண்களைப் பற்றி மட்டும் பேசினால் நாமும் அந்த முகப்புப் பக்கத்தின் வழக்கத்தையே தொடர்ந்தவர்களாவோம்.

வை. மு. கோதைநாயகி அம்மாள் நம் அச்சு வரலாற்றின் பெரிய ஆளுமை. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாம் ஏற்று நடத்தத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பின்னர் சொந்தமாக அச்சகமும் வைத்தார். எழுதுகிறவரே ஆசிரியராகவும் அச்சக உரிமையாளராகவும் ஆவது என்றால், 1867ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட எல்லாக் கட்டத்திலும் ஒரு பெண் தன் பெயரையே எழுதுவது. அவருடைய முதல் நாடகமான ‘இந்திர மோகனா’ உருவானபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எழுத்துக் கை பட்டம்மாளுடையது. கோதைநாயகியைத் தெரிந்த மாணவிகளுக்குப் பட்டம்மாளைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். இதனால் கோதைநாயகியின் பெருமை சற்றும் குறையாது. ஒரு பெண் எழுத்தாளராவதற்கு இன்னொரு பெண்ணின் கை தேவைப்பட்டது என்ற உண்மை மட்டும் கூடும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய மறதி அல்ல. அச்சுக்கலை ஐரோப்பாவில் பிறந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில், ரிப்போலி என்ற இடத்துக் கன்னிமாடத்தில் ஓர் அச்சகம் இருந்தது. 1476 முதல் 1484 வரை நடந்தது. அங்கே எழுத்துக் கோர்த்தவர்களில் கன்னியரும் இருந்தார்கள். இது நமக்கு எப்படித் தெரியும்? அங்கே அச்சான புத்தகங்களின் முகப்பிலிருந்து தெரிந்ததல்ல. அச்சகத்தின் வரவு செலவு எழுதிய கணக்குப் புத்தகம் தப்பிப் பிழைத்ததால் தெரிந்தது. தாள் வாங்கியது, மை வாங்கியது, கூலி கொடுத்தது என்று எழுதிவந்த ஏட்டில் அந்தப் பெண்கள் இருந்தார்கள்.

நம் ஊர் அச்சகங்களின் கணக்கேடுகள் எங்கே? ஐம்பது அறுபது ஆண்டுகளாக நடந்து மூடிய எத்தனையோ அச்சகங்களில் பெண்கள் கம்பாசிட்டர்களாக இருந்தார்கள். இடுப்புயரக் கேசுக்கு முன்னால் நாளெல்லாம் நின்று, இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்து, ஈய எழுத்தைத் தலைகீழாகவே படிக்கப் பழகியவர்கள். ‘ன’வையும் ‘ண’வையும் விரல் நுனியால் பிரித்தறிந்தவர்கள். பக்கம் ஓடியபின் அதே எழுத்துகளை மறுபடி அறை அறையாகப் பிரித்துப் போட்டவர்கள். பெரும் புலவர்களின் கையெழுத்தில் இருந்த பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். பைண்டிங் பகுதியில் பாரம் பாரமாகத் தாளை மடித்து, பக்க வரிசை பார்த்து அடுக்கி, ஊசியும் நூலுமாகத் தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. இன்றும் சிவகாசியில் காலண்டருக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி உருப்படிக் கணக்கில். ஈயம் போய்க் கணினி வந்த பிறகு டி.டி.பி. கடைகளில் விசைப்பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களும் பெண்களே. தொழில்நுட்பம் மூன்று முறை மாறியது. முகப்பில் பெயர் வராத இருக்கை மட்டும் மாறவில்லை.

பல்கலைக்கழக ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் எல்லோரும் முடிந்தபின், கடைசி இரண்டு வரியில் தட்டச்சு செய்து உதவிய சகோதரி வருவார். அதற்கு முந்தின வரியில் பொறுமை காத்த மனைவி வருவார். ஓலையின் கடைசி ஏட்டில் நின்ற எழுத்தாளன் இன்று இந்த இடத்தில் பெண்ணாக நிற்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது.

பெயரின்மை ஒரு பெருமையா?

இந்தக் கட்டுரையின் போக்குக்கு ஒரு மறுப்பு உண்டு. மாணவிகளே அதைச் சொல்வார்கள். பெயர் போட்டுக்கொள்வது தனிமனித உடைமைப் புத்தி, நாட்டுப்புறப் பாட்டு எல்லோருக்கும் பொது, தாலாட்டுப் பாடியவள் காப்புரிமை கேட்டாளா என்பார்கள். நியாயமான கேள்விதான். வாய்மொழியின் பொதுத்தன்மையை நான் மதிக்கிறேன். நடவில் பாடுகிறவள் முந்தினவள் விட்ட அடியைப் பிடித்துக்கொண்டு தன் அடியைச் சேர்ப்பாள். அங்கே பெயர் தேவையில்லை. பாடுகிறவளின் முகமே எதிரில் இருக்கிறது.

ஆனால் பாட்டு அச்சுக்குப் போகும்போது அந்த முகம் கூடப் போவதில்லை. அச்சில் பெயருக்கென்று ஒரு காலியிடம் இருக்கிறது. சட்டமும் சந்தையும் அதை நிரப்பச் சொல்கின்றன. காலியாக விட்டால் அது பொதுவாக இருந்துவிடும் என்று நம்ப வழியில்லை. அல்லிக்குப் புகழேந்தி வந்தது போல யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார். நாட்டுப்புறப் பாடல் தொகுதிகளில் தொகுத்தவரின் பெயர் அட்டையில் பெரிதாகவும், பாடிய பெண்ணின் பெயர் பின்னிணைப்பில் வயதும் ஊருமாகத் தகவலாளர் என்ற தலைப்பின் கீழும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தகவலாளர் என்ற சொல்லையே கவனியுங்கள். அவள் பாடினாள். நாம் அதைத் தகவல் என்றோம்.

அச்சு வெட்டவும் மறைக்கவும் மட்டுமே செய்தது என்று நான் சொல்லவில்லை. அது சேர்த்துக் கொடுத்ததும் உண்டு. சங்கத் தொகை நூல்கள் திணைப்படியும் அடியளவுப்படியும் தொகுக்கப்பட்டவை. வெள்ளிவீதியாரின் பாடல்கள் குறுந்தொகையில் எட்டும் நற்றிணையில் மூன்றும் அகநானூற்றில் இரண்டுமாகச் சிதறிக் கிடந்தன. சுவடியில் படித்தவருக்கு அவர் அங்கங்கே கேட்டு மறையும் குரல். 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் வையாபுரிப் பிள்ளை பாடல்களைப் புலவர் வரிசையில் அமைத்தார். வெள்ளிவீதியாரின் பதின்மூன்று பாடல்களும் அடுத்தடுத்து வந்து நின்றன. பிரிந்தவனைத் தேடி நடந்த கால்களின் சோர்வும், உடம்பு வீணாகும் துயரமும், நாணத்துக்கு விடை கொடுக்கும் துணிவும் ஒரே மனத்தின் தொடர்ச்சியாகத் தெரிய வந்தன. பக்கங்களின் வரிசையை மாற்றியதுதான் நடந்தது. ஒரு பெண் கவிஞர் முழு உருவத்தோடு நமக்குக் கிடைத்தார். வையாபுரிப் பிள்ளை இதைப் பெண்களுக்காகச் செய்யவில்லை. ஆய்வு வசதிக்காகச் செய்தார். அவர் செய்ததைப் பெண்களுக்காகவே செய்ய வேண்டிய நூல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

இன்றைய முகப்புகள்

அச்சு முடிந்துபோன தொழில்நுட்பம், இனித் திரைதான் என்று சொல்பவர்களுக்கு நம் வீடுகளுக்குள் வரும் தாளைக் காட்ட வேண்டும். திருமண அழைப்பிதழ், மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. ஒரு பெண் வாழ்நாளில் ஒரு கவிதையும் அச்சில் பார்க்காமல் போகலாம். இவற்றில் வராமல் போவதில்லை. வயதுக்கு வந்தபோது அவள் கேட்காமலே அவள் பெயர் அச்சாகிறது. அழைப்பிதழில் தாத்தா பெயர், தகப்பன் பெயர், படிப்பு என்ற படிகளில் ஏறிய பின் அவள் வருகிறாள். கணவனை இழந்த தாய் தன் மகளின் திருமணத்துக்குத் தன் பெயரில் அழைக்க முடியாமல், சித்தப்பாவோ மாமாவோ அழைக்கும் அழைப்பிதழ்கள் இப்போதும் நம் வீடுகளுக்கு வருகின்றன. அவளை வளர்த்தவள் யார் என்பதை அந்தத் தாள் ஊருக்குச் சொல்வதில்லை. 1812ஆம் ஆண்டு முகப்புப் பக்கத்தை விட்டு நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளக்க அந்த ஒரு தாள் போதும்.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் இயற்றிய சட்டம் பருவ இதழ்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. புத்தகங்கள் அதன் வரம்பில் இல்லை. போலீசுக்காக உருவான அந்தப் பெயர்ப் பக்கத்தை இனி நாம் நமக்காக எழுதிக்கொள்ளலாம். எழுதியவர், பதிப்பித்தவர் என்பதோடு நின்றுவிடாமல், பாடியவர், எழுதிக்கொடுத்தவர், மெய்ப்புப் பார்த்தவர், பக்கம் கட்டியவர், மடித்தவர், தைத்தவர் என்று. நான்கு வரி கூடுதலாகும். அதனால் ஒரு தாள்கூட அதிகமாகாது.

ஆய்வு செய்ய வரும் மாணவிகளிடம் கேட்பது இது. மூடிய அச்சகங்களுக்குப் போங்கள். கூலிப் பதிவேடு எடைக்குப் போவதற்கு முன் அதைப் படியெடுங்கள். எழுத்துக் கோர்த்த அக்காமார்கள், பெரியம்மாமார்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். எந்தெந்தப் புத்தகத்துக்குக் கோர்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டில் அவர்களைத் தகவலாளர் என்று போடாதீர்கள்.

அதற்கு முன்னால், கையிலிருக்கும் இந்தத் தொகுப்பின் தொடக்கப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. தைத்தவரின் பெயர் இல்லையென்றால், அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதுங்கள்.